கவுண்டி எல்லை மாறினால் முப்பாட்டனை எங்கே தேடுவது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வம்சாவளி தேடுவது பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. ஊர் தெரியும், ஆளின் பெயர் தெரியும், காகிதம் மட்டும் கிடைக்கவில்லை என்பதுதான் பலருடைய புலம்பல். படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே சிக்கல்: இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய ஆவணத்தைத் தேடுகிறார்கள். அதனால் இந்த முறை எல்லை மாற்றம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கவுண்டி என்பது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி.

கேள்வி: என் மருமகள் அமெரிக்கப் பெண். மேற்கு வர்ஜீனியாவில் மிங்கோ கவுண்டிதான் அவளுடைய அம்மா வழிப் பூர்வீகம். "ஆறு தலைமுறையாக இதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறோம், எங்கேயும் போனதில்லை" என்று சம்பந்தியம்மா அடித்துச் சொல்கிறார். பேரனுக்காக வம்சாவளி எழுத உட்கார்ந்தால், மிங்கோ கவுண்டியில் 1895க்கு முன்னால் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. வேறெங்கிருந்தோ வந்து குடியேறியவர்களாக இருக்குமோ? அவரிடம் கேட்கவும் சங்கடமாக இருக்கிறது. – வாசகி, டல்லஸ்

பதில்: சங்கடமே வேண்டாம், சம்பந்தியம்மா சொல்வது முழுக்க உண்மையாக இருக்கலாம். மிங்கோ கவுண்டி உருவானதே 1895ல்தான். அதுவரை அந்தப் பகுதி லோகன் கவுண்டியில் இருந்தது. ஆகவே 1895க்கு முந்தைய பத்திரம், உயில், திருமணப் பதிவு எல்லாவற்றையும் லோகன் கவுண்டியின் பதிவேடுகளில் பாருங்கள். குடும்பம் அசையாமல் அதே வீட்டில் இருந்திருக்கும், கவுண்டிதான் அவர்களுக்கு மேலே மாறியிருக்கும்.

அதோடு நிற்காது. லோகன் கவுண்டி 1824ல் கைல்ஸ், டேஸ்வெல், கேபல், கனாவா என்ற நான்கு கவுண்டிகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்தது. அதற்கு முன்னால் அவர்களுடைய பள்ளத்தாக்கு இந்த நான்கில் எதில் இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அப்புறம் 1863 ஜூன் 20 வரை மேற்கு வர்ஜீனியா என்று ஒரு மாநிலமே கிடையாது, எல்லாம் வர்ஜீனியா. எனவே 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடும்போது மாநிலம் என்ற இடத்தில் வர்ஜீனியா என்று போடுங்கள். மேற்கு வர்ஜீனியா என்று போட்டுவிட்டு "ஆளே இல்லை" என்று திரும்பி வந்தவர்கள் ஏராளம்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 1890 கணக்கெடுப்பின் தாள்கள் 1921ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தைத் தொடர்ந்து ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டன. அதனால் 1880ஐ விட்டால் அடுத்தது 1900தான். மிங்கோ பிறந்ததோ இடையில், 1895ல். 1880ல் லோகன் கவுண்டி, 1900ல் மிங்கோ கவுண்டி என்று இரண்டு பெயரைப் பார்க்கிறவர்கள், இந்த இருபது வருஷத்தில் குடும்பம் இடம் பெயர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள். கணக்கெடுப்பவர் வீடு வீடாகப் போய்த்தான் எழுதினார், ஆகையால் 1880ல் மேலும் கீழும் இருந்த அதே குடும்பங்கள் 1900லும் மேலும் கீழும் இருந்தால் யாரும் எங்கும் போகவில்லை என்று நம்பலாம்.

பிறப்பு, இறப்பைக் கவுண்டி பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் வர்ஜீனியாவில் 1853ல் வந்தது. அந்தப் பழைய பதிவேடுகளின் படங்களை மேற்கு வர்ஜீனியா மாநில ஆவணக் காப்பகம் இணையத்தில் காசில்லாமல் பார்க்க வைத்திருக்கிறது, அங்கிருந்தே தொடங்குங்கள். ஆற்றையும் மறக்காதீர்கள். மிங்கோவின் எல்லையில் ஓடும் டக் ஃபோர்க் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி மாநிலத்தின் பைக் கவுண்டி. ஹேட்ஃபீல்ட், மக்காய் குடும்பங்களின் பகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது நடந்ததே இந்த இரு கரைகளிலும்தான். பகை இருந்த மாதிரியே பெண் எடுப்பதும் கொடுப்பதும் இருந்தது. லோகனில் திருமணப் பதிவு கிடைக்காவிட்டால் ஆற்றைத் தாண்டிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கவுண்டி இரண்டாகப் பிரியும்போது புதுக் கவுண்டிக்கு உரிய பழைய பதிவேடுகளையும் பிரித்துக் கொடுத்துவிட மாட்டார்களா? – வாசகர், ஹூஸ்டன்

பதில்: பொதுவாக மாட்டார்கள். குடித்தனம் பிரியும்போது பாத்திரத்தைப் பங்கு போடுவது போல் இதைச் செய்ய முடியாது. கனத்த அட்டை போட்டுத் தைத்த ஒரு பத்திரப் பதிவேட்டில், ஒரே பக்கத்தின் மேல்பாதியில் வடக்கு மூலையில் இருக்கிறவருடைய கிரயம் இருக்கும், கீழ்ப்பாதியில் தெற்கு மூலைக்காரருடைய கிரயம் தொடங்கும். எங்கே வெட்டுவது? அதனால் பதிவேடு தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும், புதுக் கவுண்டி புதிதாக முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கும். சில இடங்களில் தங்களுக்கு வேண்டிய பதிவுகளை மட்டும் ஆள் வைத்துக் கையால் நகல் எடுத்துக்கொண்டார்கள். அந்த நகலில் பெயர், ஏக்கர் கணக்கு எல்லாம் தவறியிருக்கலாம், மூலத்தோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். ஒருவர் நிலம் வாங்கிய பத்திரம் ஒரு கவுண்டியில் இருக்கும், அதே நிலத்தை அவருடைய மகன் விற்ற பத்திரம் இன்னொரு கவுண்டியில் இருக்கும். விற்ற பத்திரத்தை மட்டும் பார்த்தால் 'வாங்காத நிலத்தை எப்படி விற்றான்' என்று குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் தேடுகிறவருக்கு இது நல்ல தடயமும்கூட. வாங்கிய பத்திரம் இல்லாமல் விற்ற பத்திரம் மட்டும் கிடைத்தால், அந்த நிலம் முன்பு எந்தக் கவுண்டியில் இருந்தது என்று உடனே பாருங்கள்.

சில கவுண்டிகள் இருந்த இடம் தெரியாமல் மறைந்தும் போயின. வர்ஜீனியாவில் ஃபின்காஸல் கவுண்டி 1772ல் பாட்டிடாட் கவுண்டியிலிருந்து பிரிந்தது. 1776 முடிவில் அதையே கலைத்து கென்டக்கி, மாண்ட்கோமரி, வாஷிங்டன் என்று மூன்று கவுண்டிகள் ஆக்கிவிட்டார்கள். அன்று கென்டக்கி என்பது வெறும் ஒரு கவுண்டி, 1792ல்தான் மாநிலம் ஆனது, இன்று அந்த மாநிலத்துக்குள் 120 கவுண்டிகள்! கலைந்துபோன ஃபின்காஸலின் பதிவேடுகளைத் தேடி ஃபின்காஸல் என்ற ஊருக்கே போய் நிற்கிறவர்கள் உண்டு. அந்த ஊர் பாட்டிடாட் கவுண்டியின் தலைநகர். பதிவேடுகள் இருப்பதோ மாண்ட்கோமரி கவுண்டியின் கிறிஸ்டியன்ஸ்பர்க்கில்.

எதற்காக இப்படி வெட்டிக்கொண்டே போனார்கள் என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். வழக்கு, வரி, உயில், நிலப் பதிவு எதற்கானாலும் கவுண்டி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மலையும் ஆறும் தாண்டிக் குதிரையில் போய் வர நாள் கணக்கில் ஆகும். மேற்கே மக்கள் பெருகப் பெருக, "எங்களுக்குத் தனிக் கவுண்டி வேண்டும்" என்று சட்டசபைக்கு மனுப் போட்டார்கள். வர்ஜீனியாவில் 1770களிலிருந்து 1865 வரை வந்த இத்தகைய மனுக்கள் ரிச்மண்டில் உள்ள மாநில நூலகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு மனுவின் அடியிலும் அந்த வட்டாரத்து ஆட்களின் கையெழுத்துகள் வரிசையாக இருக்கும். எல்லா வேலையையும் சிக்கலாக்கிய அதே பிரிவினை, தாத்தாவின் தாத்தா தன் கையால் போட்ட கையெழுத்தையும் உங்களுக்குக் காட்டிவிடலாம். வம்சாவளி தேடுகிறவர்கள் இந்த மனுக்களைக் கண்டுகொள்வதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. தாய்க் கவுண்டிக்குப் போனாலும் பதிவேடு எரிந்திருக்கலாம். உள்நாட்டுப் போரின்போது கிழக்கு வர்ஜீனியாவின் பல கவுண்டிகள் பத்திரமாக இருக்கட்டும் என்று தங்கள் பதிவேடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தன. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் பற்றி எரிந்தபோது அவை சாம்பலாயின. க்ளாஸ்டர் கவுண்டிக்கு 1820ல் கோர்ட்டு எரிந்து ஒரு முறை, 1865ல் இன்னொரு முறை. அப்படிப்பட்ட இடங்களில் 1782லிருந்து மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்த வரிப் பட்டியல்கள்தான் கைகொடுக்கும். வருஷா வருஷம் எடுத்த பட்டியல் அது. ஒரு வருஷம் பழைய கவுண்டியின் பட்டியலில் இருந்த ஆள் அடுத்த வருஷம் புதுக் கவுண்டியின் பட்டியலில் வந்தால், கோடு அவர் வீட்டைத் தாண்டிய வருஷம் அதுதான் என்று பிடித்துவிடலாம்.

கேள்வி: ஆபிரகாம் லிங்கன் பிறந்தது ஹார்டின் கவுண்டி என்று ஒரு புத்தகத்திலும், லரூ கவுண்டி என்று இன்னொன்றிலும் இருக்கிறது. எது சரி? – வாசகர், மதுரை

பதில்: இரண்டும் சரி. லிங்கன் பிறந்த 1809ல் கென்டக்கியின் அந்தப் பண்ணை ஹார்டின் கவுண்டியில் இருந்தது. லரூ கவுண்டி 1843ல்தான் ஹார்டினிலிருந்து பிரிந்தது. இன்று நீங்கள் போய்ப் பார்த்தால் அந்த இடம் லரூ கவுண்டியின் ஹாட்ஜன்வில்லுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் லிங்கனின் அப்பா தாமஸ் லிங்கன் அங்கே வாழ்ந்த காலத்து ஆவணங்களுக்கு ஹாட்ஜன்வில் கோர்ட்டில் வேலையே இல்லை. அவர்கள் 1816லேயே ஊரைக் காலி செய்துவிட்டார்கள், ஹார்டினின் தலைநகரான எலிசபெத்டவுனில்தான் தேட வேண்டும். லிங்கனின் பெற்றோர் 1806ல் திருமணம் செய்த பத்திரமோ இரண்டிலும் இல்லை, அது வாஷிங்டன் கவுண்டியில் இருக்கிறது. சரி, கென்டக்கியை விட்டு இந்தியானாவுக்குப் போனார்களே, அங்கேயாவது நிம்மதியா? 1816 டிசம்பரில் போய் இறங்கியபோது அந்த இடம் பெரி கவுண்டி. 1818ல் அது ஸ்பென்சர் கவுண்டி ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் லிங்கனின் அம்மா இறந்தது, வந்து குடியேறிய அதே இடத்தில், ஆனால் வேறு கவுண்டியில். 1817ல் தாமஸ் லிங்கன் நிலத்துக்கு விண்ணப்பித்ததோ இந்தக் கவுண்டிகள் எதிலும் இல்லை, வின்சென்ஸ் ஊரில் இருந்த மத்திய அரசின் நில அலுவலகத்தில்.

மதுரைக்காரர் கேட்டதால் இன்னொரு ஜனாதிபதியையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ரூ ஜாக்சன் 1767ல் பிறந்த வாக்ஸா பகுதியில் வட கரோலினாவுக்கும் தென் கரோலினாவுக்கும் நடுவே எல்லைக்கோடு அப்போது ஒழுங்காக அளக்கப்படவில்லை. அவர் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று இரண்டு மாநிலங்களும் இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன. அந்தக் கோட்டைத் திரும்ப அளந்து சரிசெய்து, 2017 ஜனவரியில்கூடச் சில வீடுகள் ஒரு மாநிலத்திலிருந்து மற்றதற்குப் போயின.

கேள்வி: வம்சாவளி மென்பொருளில் பழைய கவுண்டிப் பெயரைத் தட்டினால் அதுவே இன்றைய பெயரைக் காட்டி 'இதுதானே?' என்று கேட்கிறது. எதை வைத்துக்கொள்வது? – வாசகர், ஜெர்சி சிட்டி

பதில்: அது நீட்டுகிற பெயரை யோசிக்காமல் ஏற்காதீர்கள். சம்பவம் நடந்த நாளில் அந்த இடத்துக்கு என்ன பெயரோ அதையே எழுதுங்கள், இன்றைய பெயரைக் குறிப்புப் பகுதியில் போடுங்கள். 1850ல் பிறந்தவருக்கு 'மிங்கோ கவுண்டி, மேற்கு வர்ஜீனியா' என்று ஒருவர் எழுத, அதை நூறு பேர் பிரதி எடுத்துத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள, கடைசியில் அசல் ஆவணம் லோகனில் இருப்பதே மறந்துபோகிறது. இப்படித்தான் நல்ல தேடல்கள் பாழாகின்றன. ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒரு இடம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று பார்க்க, சிகாகோவின் நியூபெரி நூலகம் தயாரித்த வரலாற்றுக் கவுண்டி எல்லை அட்லஸை விடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. இலவசம்தான், தேதிவாரியாகக் கோடு எப்படி மாறியது என்று காட்டும்.

நம் ஊர்க் குடும்பத்துக்கும் இதே முறைதான். 1940ல் செங்கோட்டையில் பிறந்தவருக்குத் தென்காசி மாவட்டம், தமிழ்நாடு என்று போட்டால் யாரும் திருவனந்தபுரத்துப் பக்கம் தேட நினைக்கவே மாட்டார்கள். 1956 நவம்பர் வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்.

கேள்வி: நாங்கள் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். அம்மாவின் கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்து விலகி இங்கேயே தங்கியவர். அவருடைய பணிவிடுவிப்புத் தாளில் பிறந்த ஊர் அபிங்டன், கவுண்டி பெர்க்‌ஷயர் என்று இருக்கிறது. லண்டனில் இருக்கும் உறவினரோ அபிங்டன் ஆக்ஸ்போர்டுஷயரில் இருக்கிறது, எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார் என்கிறார். – வாசகர், பெரம்பூர்

பதில்: ராணுவ எழுத்தர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அபிங்டன் பெர்க்‌ஷயரின் ஊர், ஒரு காலத்தில் அதன் தலைநகராகவே இருந்தது. 1974 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்து முழுக்கக் கவுண்டிகளை மாற்றி அமைத்தபோது அபிங்டன், வான்டேஜ், வாலிங்ஃபோர்டு எல்லாம் ஆக்ஸ்போர்டுஷயருக்குப் போய்விட்டன. உங்கள் முன்னோர் காலத்துத் திருச்சபை ஞானஸ்நானப் பதிவேடுகளை ரெடிங் நகரில் உள்ள பெர்க்‌ஷயர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள், ஆக்ஸ்போர்டில் அல்ல.

சர்ச் எல்லை என்பது கவுண்டி எல்லையிலிருந்து தனி விவகாரம். பெர்க்‌ஷயர் 1836 வரை சாலிஸ்பரி மறைமாவட்டத்தில் இருந்தது, அதற்குப் பிறகு ஆக்ஸ்போர்டு மறைமாவட்டத்துக்கு மாறியது. ஆயருக்கு அனுப்பிய பதிவேட்டுப் பிரதிகள் இதைப் பொறுத்து வேறு ஊருக்குப் போயிருக்கும். 1837 ஜூலையில் அரசு பிறப்புப் பதிவு தொடங்கியபோது வகுத்த பதிவு மாவட்டங்களும் கவுண்டிக் கோட்டை மதிக்கவில்லை, அபிங்டன் பதிவு மாவட்டத்தில் தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆக்ஸ்போர்டுஷயர் கிராமங்களும் உண்டு. 1841 கணக்கெடுப்பு 'இந்தக் கவுண்டியில் பிறந்தவரா' என்று மட்டும் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று எழுதிக்கொண்டது. எல்லையை ஒட்டிய ஊரில் 'இல்லை' என்று இருந்தால் வெகுதூரம் என்று நினைத்துவிடாதீர்கள், அடுத்த கரையில் பிறந்திருந்தாலும் 'இல்லை'தான். 1851லிருந்துதான் ஊர்ப் பெயரோடு எழுதினார்கள்.

அவர் இங்கே செய்துகொண்ட திருமணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஆகியவற்றுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மதராஸ் மாகாணப் பகுதியைப் பாருங்கள். அங்கே கவுண்டித் தொல்லை இல்லை.

கேள்வி: எங்கள் பூட்டனார் 1890களில் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். கப்பல் பட்டியலில் ஜில்லா வட ஆற்காடு, தாலுகா சித்தூர் என்று இருக்கிறது. வேலூர் பக்கம் உறவினர் மூலம் விசாரித்தும் கிராமம் அகப்படவில்லை. சித்தூர் ஆந்திராவில் அல்லவா இருக்கிறது? வீட்டில் தமிழ்தான் பேசினார்கள். – வாசகி, டர்பன்

பதில்: பட்டியல் சரி, தேடிய இடம்தான் மாறிப்போயிற்று. பூட்டனார் கப்பலேறியபோது சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவுக்கே தலைநகர். 1911 ஏப்ரலில்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதும் அதே 1911ல் நின்றுபோனது. அதனால் அந்த ஐம்பது வருஷத்தில், 1860ல் முதல் கப்பலில் போனவர்களிலிருந்து கிட்டத்தட்டக் கடைசி வரை, இந்தப் பகுதியிலிருந்து போன அத்தனை பேருக்கும் பழைய ஜில்லாப் பெயர்தான் விழுந்திருக்கும். வட ஆற்காடு என்று பார்த்தவுடன் வேலூர், திருவண்ணாமலை என்று ஓடாமல் தாலுகா என்ன என்று பாருங்கள். சித்தூர், பலமநேர் என்றால் இன்றைய ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். சந்திரகிரி என்றால் 2022லிருந்து திருப்பதி மாவட்டம். திருத்தணிக்காரர்களுக்குத்தான் அலைச்சல் அதிகம்: வட ஆற்காட்டிலிருந்து சித்தூர் ஜில்லாவுக்குப் போய், 1960 ஏப்ரலில் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்து, இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

வீட்டில் தமிழ் பேசியதில் வியப்பில்லை. சித்தூர் பக்கம் தமிழ், தெலுங்கு இரண்டும் புழங்குகிற மண், இன்றும் அப்படித்தான். ஆகவே மொழியை வைத்து மாநிலத்தை முடிவு செய்ய வேண்டாம். 1881ல் வெளியான வட ஆற்காடு மாவட்ட மேனுவல் ஸ்கேன் வடிவில் கிடைக்கிறது, பழைய ஜில்லா எதுவரை பரந்திருந்தது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். கிராமப் பெயரைக் கிளார்க் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், நீங்கள் கடிதத்தில் தமிழில் எழுதி அனுப்பியிருப்பது அதன் அடுத்த ஊகம். பட்டியலில் உள்ள வரியை, எண், அப்பா பெயர், சாதி என்ற எல்லாக் கட்டங்களோடும் படம் பிடித்து அனுப்புங்கள். சித்தூர் தாலுகாவின் பழைய கிராமப் பட்டியலோடு வைத்துப் பார்த்து அடுத்த இதழில் எழுதுகிறேன்.